கயிறு பிடித்தவர்கள்

முத்துக்குளிப்பு எங்கள் கரையில் இறுதியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். அதை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே எஞ்சியிருக்கின்றனர். எங்கள் பாட்டனார் அவ்வாண்டின் குளிப்பில் பங்குகொண்டவர். ஆனால் அவர் கடலுக்குள் மூழ்கியவர் அல்லர். தோணியின் விளிம்பில் நின்று கயிறு பிடித்தவர். கல் கட்டிய கயிற்றில் கால் பதித்து மூழ்குபவர் ஏழெட்டுப் பாக ஆழத்தில் சிப்பி அரித்துக் கூடையில் இட்டு, மூச்சு முட்டும் வேளையில் கயிற்றை அசைப்பார். மேலே நிற்பவர் அந்த அசைவைக் கையால் உணர்ந்து உடனே இழுத்தெடுக்க வேண்டும். மூழ்குபவருக்கு மைத்துனர்தாம் கயிறு பிடிக்க வேண்டும் என்பார்கள் கடற்கரையில். தன் உடன்பிறந்தாளின் தாலிக்கு அவரைக் காட்டிலும் நல்ல காவல் யார்?

பாட்டனார் அடிக்கடி சொல்லுவார்: "கீழே போனவனுக்கு ஒன்று என்றால், கேள்வி மேலே நின்றவனுக்குத்தான்." தாம் மூழ்கவில்லை, அடித்தரையைக் கண்ணால் காணவில்லை, அங்கே என்ன நேர்ந்தது என்பதும் தமக்குத் தெரியாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கயிறு கையில் இருந்தவரைக்கும் பொறுப்பும் கையில் இருந்தது.

பாட்டனாரின் இச்சொல்லைப் பல ஆண்டுகளாக நாங்கள் தொழில் பற்றிய சொல்லாகவே எண்ணியிருந்தோம். அது குடிமக்களுக்கும் பொருந்தும் என்பது மிகவும் பிந்தியே விளங்கிற்று. ஒரு நாடு தன் எல்லைக்கு அப்பால் படை அனுப்பும்போது, துப்பாக்கி ஏந்திச் செல்பவர் சிலர். அனுப்புவோம் என்று முடிவு செய்பவர் அவரினும் சிலர். எஞ்சிய கோடிக்கணக்கானோர் கரையில் நிற்கின்றோம். நாம் வெறும் வேடிக்கை பார்ப்பவர்களா, கயிறு பிடித்தவர்களா?

*

எங்கள் ஊரில் சூலை 26 என்றால் பனிமய மாதா பேராலயத்தில் கொடியேற்றம். ஆகஸ்ட் 5 வரை ஊர் முழுவதும் திருவிழா. அதனாலோ என்னவோ, அக்கரையில் நிகழ்ந்த பெருந்துயரங்கள் பலவும் எங்கள் நினைவில் திருவிழா நாள்களோடு கலந்தே கிடக்கின்றன. 1983-இல் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாகத் தொடங்கியது கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு. வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது கொடி ஏறியிருந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த உறவினர்களைத் தேடி எத்தனையோ குடும்பங்கள் தந்தி அலுவலகத்துக்கும் துறைமுகத்துக்கும் அலைந்த நாள்கள் அவை. தந்தையார் அப்போது தோணித்துறையில் கணக்கெழுதி வந்தார். வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்த தண்டல்மார் அன்றாடம் வந்து அமர்ந்து பேசும் திண்ணை எங்களுடையது. ஆகவே அக்கரை எங்களுக்கு அயல்நாடாகத் தோன்றியதே இல்லை.

1984-இல் எங்கள் வீட்டின் பின்கட்டுக்கு ஓர் ஏதிலிக் குடும்பம் குடிவந்தது. வடமராட்சியைச் சேர்ந்தவர்கள், கணவன், மனைவி, இரண்டு பையன்கள். அந்த அம்மையாரை எங்கள் தாயார் "தங்கச்சி" என்றழைத்தார். அவர் தாயாரை "அக்கா" என்றார். நாங்கள் பிள்ளைகள் அவரைச் சித்தி என்றே அழைத்தோம். அவர்கள் வந்த மறுநாளே தாயார் தம் சீதனப் பித்தளைக் குடத்தை அவரிடம் கொடுத்துவிட்டார். அந்தக் குடம் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1987 சூன் மாதத் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்து மக்களுக்கான உணவுப் பொருள்களுடன் இராமேசுவரத்திலிருந்து 19 படகுகள் புறப்பட்டன. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. மறுநாள், சூன் 4 அன்று, இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது பறந்து பொருள்களை வான்வழியே இறக்கின. அரசு அதற்குப் பூமாலை என்று பெயரிட்டிருந்தது. அன்று எங்கள் தெருவில் எழுந்த ஆரவாரத்தை மறக்க இயலாது. "நாம் போட்டுவிட்டோம்" என்றார் தந்தையார். விமானமோட்டியும் அமைச்சரும் செய்ததை நாம் செய்ததாகவே அவர் சொன்னார். நாங்களும் அப்படியே சொன்னோம். பின்கட்டில் சித்தி அழுதுகொண்டே சிரித்தார்.

அவ்வாண்டுத் திருவிழாவின் நான்காம் நாள், சூலை 29 அன்று, கொழும்பில் பிரதமர் இராஜீவ் காந்தியும் குடியரசுத் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அமைதி காக்கும் படை என்ற பெயரில் நம் வீரர்கள் யாழ்ப்பாணத்தில் இறங்கினர். அங்குள்ள மக்கள் மாலையிட்டு அவர்களை வரவேற்றனர். படை அனுப்ப வேண்டும் என்று நான்கு ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு மேடைகளில் எழுந்த குரலுக்குக் கைதட்டியவர்கள் நாம். போராளி இளைஞர்களுக்கு நம் மண்ணிலேயே இந்திய அரசு ஆயுதப் பயிற்சி அளித்ததையும் அறிந்தும் அறியாதது போல் இருந்தவர்கள் நாம். அப்படியிருக்க, அவ்வுடன்படிக்கை எங்கோ தில்லியில் பிறந்தது, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எவ்வாறு சொல்வது?

ஆயுதத் துணையை நாடுவதன் விலை நம் கரை அறியாததன்று. 1530-களில் நம் முன்னோர் முத்துக்கடலில் தம் உரிமையைக் காத்துக்கொள்ளப் போர்ச்சுக்கீசியரின் துணையை வேண்டிக் கொச்சிக்குத் தூது சென்றனர். கப்பற்படை வந்தது, காவலும் கிடைத்தது. நம் முன்னோர் கிறித்தவம் தழுவியதும் அந்த உடன்பாட்டை ஒட்டியே நிகழ்ந்தது. ஆனால் வந்த படை விரைவிலேயே முத்துக்குளிப்பின் வருவாயில் தனக்கெனப் பங்கு கேட்டது. 1658-இல் அதனினும் வலிய டச்சுப் படை வந்து அவர்களை விரட்டிற்று. துணைக்கு வரும் படை நம் நோக்கத்துக்காக மட்டும் வருவதில்லை. தனக்கென ஒரு நோக்கத்தையும் சுமந்து வருகிறது. இந்தப் பழம்பாடத்தை 1987-இல் நம்மில் எவரும் நினைவுகூரவில்லை.

*

அக்டோபர் 10 அன்று நம் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அம்மாதம் 21-ஆம் நாள், தீபாவளியன்று, யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர், பணியாளர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உள்ளிருந்து புலிகள் சுட்டனர் என்பது படைத்தரப்பின் விளக்கம். ஆனால் அன்று மாண்ட மருத்துவர்களும் செவிலியரும் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்லர் என்பதில் ஐயமில்லை. சீருடை அணிந்தவர்களாய், தாங்கள் யார் என்று சொல்லிக்கொண்டு வெளிவந்தவர்களும் சுடப்பட்டனர் என்பது உயிர் தப்பியவர்களின் வாக்குமூலம்.

பி.பி.சி. தமிழோசையில் அச்செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்த இரவுகள் நினைவில் உள்ளன. தந்தையார் வானொலியின் ஒலியைக் குறைத்தார். பின்கட்டுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகக் குறைத்தாரா, தமக்கே கேட்கக்கூடாது என்பதற்காகக் குறைத்தாரா என்பது தெரியாது. "போர் என்றால் இப்படித்தான்" என்றார். சூன் மாதத்தில் "நாம் போட்டுவிட்டோம்" என்றவர், அக்டோபரில் "இராணுவத்தார் சுட்டுவிட்டார்கள்" என்றார். நான்கே மாதங்களில் நாம் அவர்களாகிவிட்டோம்.

1988-இல் ஏதிலியர் பலர் தாயகம் திரும்பத் தொடங்கினர். பின்கட்டுக் குடும்பமும் போவதா வேண்டாமா என்று தயங்கி நின்றது. சித்தியின் கணவர் தந்தையாரிடம் கருத்துக் கேட்டார். "தைரியமாகப் போங்கள் தம்பி. அங்கே நம் இராணுவம் இருக்கிறது, இனிப் பயமில்லை" என்றார் தந்தையார். அவர் தீய மனத்தோடு சொல்லவில்லை. ஆனால் அறியாமலும் சொல்லவில்லை. தமிழோசையைக் கேட்டவர்தாமே அவர்? நம் நாடு நல்லதுதான் செய்யும் என்று நம்ப விரும்பினார். அந்த விருப்பத்தைத் தாம் அறிந்த உண்மைக்கு மேலாக வைத்தார். நாங்களும் அருகில் நின்று தலையசைத்தோம். அவர்கள் பித்தளைக் குடத்தைத் துலக்கித் தாயாரிடம் கொடுத்துவிட்டு, இராமேசுவரம் வழியாகப் புறப்பட்டுப் போயினர்.

1989 ஆகஸ்ட் 2 முதல் 4 வரை, அதாவது மாதா திருநாளுக்கு முந்தைய மூன்று நாள்கள், வடமராட்சியிலுள்ள வல்வெட்டித்துறையில் நடந்தது உலகறிந்த செய்தி. புலிகளின் தாக்குதலில் இந்திய வீரர் சிலர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, படையினர் ஊருக்குள் புகுந்து பொதுமக்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர், வீடுகளை எரித்தனர். அம்மாதத்திலேயே ஆங்கில நாளேடுகளில் செய்தி வெளிவந்தது. வியட்நாமில் 1968-இல் அமெரிக்கப் படை அழித்த மை லாய் சிற்றூரோடு அதனை ஒப்பிட்டுப் பேசினர். ஜார்ஜ் பெர்னாண்டஸ் போன்ற சில அரசியலாளர் வெளிப்படையாகக் கண்டித்தனர். ஆக, அறிய வேண்டும் என்று விரும்பியவர்களுக்கு அறிய வழி இருந்தது. அந்த மூன்று நாள்களும் நாங்கள் பேராலய வளாகத்தில் நின்றிருந்தோம். அப்போது செய்தி வந்திருக்கவில்லை. அது எங்கள் குற்றமன்று. செய்தி வந்த பிறகும் எவரிடமும் அதைப் பேசவில்லை. அது எங்கள் குற்றம்.

அவ்வாண்டு நவம்பரில் பொதுத் தேர்தல் வந்தது. நாடெங்கும் பேசப்பட்டது பீரங்கி பேரம். அப்பணம் யாருக்குப் போயிற்று என்று வேட்பாளர்களை வழிமறித்துக் கேட்டவர்கள் உண்டு. அக்கரையில் நம் பெயரால் போன உயிர்களைப் பற்றி எங்கள் தெருவில் எவரும் எந்த வேட்பாளரையும் கேட்டதாக நினைவில்லை.

*

1990-இல், நம் படை திரும்பி வந்த பின்னர் மீண்டும் போர் வெடித்த கோடையில், சித்தியின் குடும்பம் எங்கள் வாயிலில் வந்து நின்றது. நால்வராகப் போனவர்கள் மூவராக வந்திருந்தனர். மூத்த பையன் இல்லை. எப்போது, எங்கே, யார் கையால் என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்காததைப் பண்பு என்று அன்று எண்ணிக்கொண்டோம். அது பண்பு அன்று, அச்சம். விடை என்னவாக இருக்குமோ என்ற அச்சம்.

சில நாள் கழித்துத் தாயார் மட்டும் ஆற்றாமையால் கேட்டுவிட்டார். "நம் இராணுவம் அங்கே இரண்டரை வருடம் இருந்ததே, தங்கச்சி?" சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அது உங்கட ஆமிதானே, அக்கா."

குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. கதிரவன் கிழக்கே உதிக்கிறான் என்பது போன்ற இயல்பான கூற்று. ஆனால் அந்த "உங்கட" என்ற சொல் வீட்டுக்குள் வந்து அமர்ந்துவிட்டது. தந்தையார் அன்றிரவு உணவு கொள்ளவில்லை.

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரு சொற்கள் உண்டு. கேட்பவரையும் உள்ளடக்கினால் நாம். கேட்பவரை விலக்கினால் நாங்கள். பல மொழிகளில் இல்லாத இந்த நுட்பம் நம் மொழியில் இருக்கிறது. தாயார் "நம் இராணுவம்" என்று சொல்லிச் சித்தியையும் அதற்குள் சேர்த்தார். சித்தி அதை ஏற்க மறுத்தார். அது எங்களுடையது அன்று, உங்களுடையது என்று திருப்பித் தந்தார். அவர் திருப்பித் தந்ததை வாங்கிக்கொள்ள எங்களுக்கும் மனமில்லை. அது தில்லியுடையது என்று மேலும் ஒருபடி தள்ளிவிட்டோம். இவ்வாறு யாருக்கும் உரிமையில்லாத படையொன்று அக்கரையில் இரண்டரை ஆண்டுகள் போரிட்டதாக ஆயிற்று! வெற்றி என்றால் நாம், உதவி என்றால் நாம், பிணம் என்றால் அவர்கள். இது இலக்கணப் பிழையன்று, மனச்சான்றின் பிழை.

கதை அத்துடன் முடியவில்லை. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஒரே இரவில் ஏதிலியர் அனைவரும் ஐயத்துக்குரியவர்கள் ஆயினர். அண்டை வீட்டார் பேசத் தொடங்கினர். தந்தையார் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு சித்தியின் கணவரை அழைத்து, "தம்பி, பிள்ளைகள் இருக்கிற வீடு, காலம் சரியில்லை" என்றார். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர்கள் ஏதோ ஒரு முகாமுக்குப் போயினர். போகுமுன் சித்தி பின்கட்டு முழுவதையும் கழுவி, அந்தப் பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கித் திண்ணையில் வைத்துவிட்டுச் சென்றார். கொலை செய்தவர்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் ஓர் இயக்கம் செய்த குற்றத்தை இனம் முழுவதன் மேலும் ஏற்ற நமக்கு ஒரு வாரமே தேவைப்பட்டது. நம் நாடு செய்ததில் நமக்கும் பங்குண்டு என்று ஏற்கவோ, முப்பது ஆண்டுகள் கடந்தும் நாக்கு எழவில்லை.

*

இங்கே ஒரு நியாயமான வினா எழும். வெளியுறவுக் கொள்கையில் சாமானியக் குடிமகன் என்ன செய்யக்கூடும்? நம் அரசமைப்பின்படி அயல்நாட்டோடு உடன்படிக்கை செய்வது நடுவண் அரசின் செயலாட்சி அதிகாரம். அதற்குப் பாராளுமன்றத்தின் முன்னிசைவுகூடக் கட்டாயமில்லை. வாக்குச்சீட்டில் போரா அமைதியா என்று எவரும் கேட்பதில்லை. தோணித்துறைக் கணக்கர் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எந்த நீதி?

இவ்வினாவுக்கு விடை தேடியவர் செருமானிய மெய்யியலார் கார்ல் யாஸ்பர்ஸ். யூதப் பெண்மணியை மணந்ததால் இட்லர் ஆட்சியில் பேராசிரியப் பதவியை இழந்தவர் அவர். ஆகவே பிறரை நோக்கி மட்டும் விரல் நீட்டி அவர் ஒதுங்கியிருக்கலாம்; அவ்வாறு செய்யவில்லை. தம் நாட்டின் குற்றப்பொறுப்பைப் பற்றி 1946-இல் வெளியிட்ட நூலில் அவர் நான்கு வகைகளைப் பிரித்துக் காட்டினார். சட்டத்தை மீறியவருக்கே உரியது குற்றவியல் பொறுப்பு. அதை ஓர் இனத்தின்மீதோ நாட்டின்மீதோ சுமத்துதல் ஆகாது. ஓர் அரசின்கீழ் வாழும் குடிமக்கள் அனைவருக்கும் உரியது அரசியல் பொறுப்பு. அரசு செய்ததன் விளைவை அவர்கள் சேர்ந்தே சுமந்தாக வேண்டும். தத்தம் செயலுக்கும் செயலின்மைக்கும் அவரவர் மனச்சான்றின் முன் விடை சொல்லவேண்டியது அறப்பொறுப்பு. மனிதர் என்ற முறையிலேயே ஒருவர் மற்றவர்க்குக் கடப்பாடு உடையவர் என்பதால் வருவது நான்காவது. அதற்கு நடுவர் இறைவன் ஒருவரே.

இந்தப் பகுப்பு நமக்குப் பெரிதும் உதவுகிறது. மருத்துவமனையில் சுட்டவர் தந்தையார் அல்லர். அக்குற்றம் அவருடையது அன்று. ஆனால் பூமாலைக்குக் கைதட்டிய நாட்டின் குடிமகனாக, மருத்துவமனைக்கும் அவர் பங்காளி. வானொலியின் ஒலியைக் குறைத்ததும், தாம் அறிந்ததை மறைத்து "பயமில்லை" என்றதும் அவருடைய தனிப்பட்ட அறப்பொறுப்பு. அருகில் நின்று தலையசைத்த எங்களுடையதும்கூட. கடமையில் தவறுவதும் பாவமே என்று ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் மார்பில் தட்டிக்கொள்கிறோம். அப்போது நம் நினைவுக்கு வருபவை வீட்டுக் கடமைகள் மட்டுமே. நாடு என்ற பெரிய வீட்டில் செய்யத் தவறியவை நினைவுக்கு வருவதில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் ஏட்டில், கொடிய கட்டளைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிந்ததைச் சாக்காகச் சொல்லித் தப்ப முடியாது என்று அறிவித்தது. கட்டளைக்குப் பணிந்த போர்வீரனுக்கே அப்படி என்றால், கட்டளை ஏதுமின்றித் தானாகவே மௌனம் காத்த குடிமகனுக்கு என்ன சாக்கு இருக்கிறது?

ஆஸ்திரிய நாட்டு உழவர் பிரான்ஸ் யேகர்ஸ்டெட்டரை நம்முள் சிலர் அறிந்திருப்பர். தம் சிற்றூர்க் கோவிலில் பணி செய்துவந்த அவர், இட்லரின் போரில் ஆயுதம் ஏந்த மறுத்ததற்காக 1943 ஆகஸ்ட் 9 அன்று கொல்லப்பட்டார். 2007-இல் திருச்சபை அவரை அருளாளர் என அறிவித்தது. அந்தப் போரைப் பற்றி முடிவு செய்யும் பொறுப்பு உனக்கில்லை என்றுதான் சுற்றியிருந்தவர்கள் அவருக்கு அறிவுரை கூறினர். அவர் கொடுத்த விலை தலை. மக்களாட்சியில் வாழும் நம்மிடம் எவரும் தலையைக் கேட்கவில்லை. ஓர் அஞ்சலட்டை, ஒரு கேள்வி, ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்கும் துணிவு, இவற்றையே கேட்டனர். அதுவும் நமக்கு அதிகமாகப் பட்டது.

*

பொறுப்பை ஏற்பது என்றால் நம் வீரர்களைத் தூற்றுவது என்று எவரும் கொள்ளவேண்டாம். உண்மையில் கயிற்றை விட்டுவிட்டதில் நாம் அவர்களுக்கும் தீங்கிழைத்தோம். மொழி தெரியாத ஊரில், நண்பன் யார் பகைவன் யார் என்று அறியாமல், அமைதி காக்க என்று சொல்லப்பட்டுச் சென்று போருக்குள் தள்ளப்பட்டவர்கள் அவர்கள். ஏறத்தாழ 1,200 பேர் திரும்பி வரவில்லை. 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் போரிட்டு மடிந்து பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் இராமசாமி பரமேசுவரன் தமிழரே. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்பெயர் தெரியும்? 1990 மார்ச்சில் கடைசி அணியினர் சென்னையில் வந்திறங்கியபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்ற அந்த முடிவில் ஒரு நியாயம் இருந்தது. எனினும் அனுப்பியபோது ஆரவாரித்தவர்கள் திரும்பியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டதில் நியாயம் பாதிதான். இறந்த வீரர்களின் பெயர் பொறித்த நினைவிடத்தைக் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் இலங்கை அரசே எழுப்பியது. வல்வெட்டித்துறையில் இறந்தவர்களுக்காக அவ்வூரார் அழுகின்றனர். இருதரப்பு இறந்தோரையும் ஒருசேர நினைத்து அழவேண்டியவர்கள் நாம் மட்டுமே, நாம்தாம் அழவில்லை.

எல்லாத் தரப்பையும் ஒரே அளவுகோலால் அளந்தவர்கள் யாழ்ப்பாணத்திலேயே இருந்தனர். உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம தம் பல்கலைக்கழக நண்பர் மூவருடன் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' நூல், இலங்கைப் படை, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய அனைவரின் கொடுமைகளையும் அஞ்சாமல் பதிவு செய்தது. 1989 செப்டம்பர் 21 அன்று அவர் மிதிவண்டியில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். தம் சொந்த மக்களின் பெயரால் நடந்த தவற்றையும் பேசத் துணிந்தவர் அவர். நமக்கு அந்த ஆபத்து இல்லாதிருந்தும் நாம் பேசவில்லை.

*

கடந்துபோனதைக் கிளறுவதால் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். கடந்துபோகவில்லை என்பதே விடை. நம் மாநிலத்து முகாம்களில் இன்றும் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட இலங்கைத் தமிழர் வாழ்கின்றனர். எட்டயபுரத்துக்கு அருகே தாப்பாத்தியில், நமக்குக் கூப்பிடு தொலைவிலேயே ஒரு முகாம் உண்டு. 2021 முதல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணந்தவர்களும் அங்கே பலர். 2019-இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. இலங்கை அவற்றுள் இல்லை. நம் நாட்டின் வாக்கை நம்பிப் போய் மீண்டும் ஏதிலியாய்த் திரும்பி வந்தவர்களும் இவர்களிடையே உண்டு என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

கடலைப் பாருங்கள். எல்லை தாண்டியதாக நம் மீனவர்கள் சிறைபிடிக்கப்படும்போது கொதித்தெழுகிறோம்; சுடப்பட்டு இறந்தவர்களுக்காகக் கண்ணீர் விடுகிறோம். அது நம் உரிமை, நம் கடமையும்கூட. ஆனால் பாக் நீரிணையைக் கடந்து போகும் நம் இழுவை மடி விசைப்படகுகள் அக்கரைத் தமிழ் மீனவர்களின் வலைகளை அறுத்துச் செல்வதும், போரில் எல்லாம் இழந்து 2009-க்குப் பின் மீண்டும் கடலில் இறங்கிய அந்தக் குடும்பங்கள் அதனால் தவிப்பதும் உண்மை. 2017-இல் இலங்கை இழுவை மடியைத் தன் கடலில் தடை செய்ததற்கு அவர்களுடைய முறையீடும் ஒரு காரணம். விசைப்படகு வலையை அறுத்துச் செல்லும் துன்பம் நம் நாட்டுப் படகு மீனவர் அறியாததா? ஆயினும் தில்லிக்கு நாம் எழுதும் விண்ணப்பங்களில் அந்த வலைகளைப் பற்றி ஒரு வரி உண்டா? அயல்நாட்டுக் கொள்கை தில்லியில் மட்டும் வகுக்கப்படுவதில்லை. நம் மடியிலும் அது இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை பெரியவை அல்ல. நம் பெயரால் நடப்பதை அறிந்துகொள்வது முதலாவது. வானொலியின் ஒலியைக் குறைக்காதிருப்பது. நடக்கும்போதே கேள்வி கேட்பது இரண்டாவது; பத்தாண்டு கழித்துக் கேட்பது எளிது, அதனால் எவரும் உயிர் பிழைப்பதில்லை. அதன் விளைவாக நம் வாயிலுக்கு வந்து நிற்பவரை ஏற்பது மூன்றாவது. இம்மூன்றிலும் தவறிய வீடு எங்களுடையது. ஆகவே மற்றவருக்கு உபதேசம் செய்யும் தகுதியில் நின்று இதை எழுதவில்லை.

தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. இறுதி நாள்களில் அவர் ஒருமுறை பின்கட்டின் சாவி எங்கே என்று கேட்டார். ஏன் என்று கேட்டபோது, "அவர்கள் வந்தால் திறந்துவிட வேண்டும்" என்றார். அவர்கள் வரவில்லை. எந்த முகாமில் இருந்தனர், நாடு திரும்பினரா, வேறெங்கும் போயினரா என்று தேடியும் அறிய இயலவில்லை. தாயார் அந்தப் பித்தளைக் குடத்தை அதன் பிறகு எடுத்துப் புழங்கவே இல்லை. அது இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் கொடியேற்றத்தன்று கூட்டத்தில் வடமராட்சிப் பேச்சு எங்கேனும் காதில் விழுகிறதா என்று நாங்கள் செவி சாய்ப்பதுண்டு. சித்தியைக் கண்டால் சொல்லவேண்டிய சொல் ஒன்று மிச்சமிருக்கிறது. "ஆம் சித்தி, அது எங்கள் ஆமிதான்" என்பதே அது. பாட்டனார் கயிறு பிடித்த கை அதைச் சொல்ல ஒரு நாளும் தயங்கியிருக்காது.